அம்மா கொடுக்க வந்த காரணம்

என் தங்கை லெனோருக்குப் பத்தொன்பது வயதில் எந்தக் கஷ்டமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு எல்லோரும் அவளிடம் கேட்டது அதைத்தான். அந்த வயதில் உனக்கு என்ன நடந்தது?

ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் அப்பா ஃப்ளோரிடாவுக்குப் போய் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டது அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது. அந்தக் காயமெல்லாம் ஆறி, அவர் அனுப்பும் கிறிஸ்துமஸ் அட்டையில் இருக்கும் அவருடைய புது முடியைப் பார்த்து மூன்று பேரும் சிரிக்கிற அளவுக்கு நாங்கள் தேறியிருந்தோம். அம்மா எங்கள் ஊரான லொரெய்னில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். போகும் முன் ஈரக் கையை எங்கள் முகத்தில் வைத்து எழுப்பிவிட்டுப் போவாள். நான் உடனே எழுந்துவிடுவேன். லென் என்று நாங்கள் கூப்பிடும் லெனோருக்கு இரண்டு தடவை ஈரக் கை வேண்டும்.

பல்கலைக்கழக விடுதியில் ஈரக் கை இல்லை. அவ்வளவுதான் விஷயம். காலை எட்டு மணிக்குக் கரிம வேதியியல் வகுப்பு. அவள் தூங்கினாள். சாயங்காலம் பௌலிங் கூடத்தில் பீர் ஊற்றிக் கொடுக்கும் வேலை, அங்கே பழக்கமான ஹாக்கி விளையாட்டுக்காரன் ஒருவன், அவனோடு ஊர்சுற்றல். இயற்பியல் இறுதித் தேர்வுக்குத் தேதியை மாற்றிப் புரிந்துகொண்டு மறுநாள் போய் நின்றாள். காலி மண்டபத்தில் ஒருவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாராம். எப்படியோ பட்டம் வாங்கிவிட்டாள். மதிப்பெண் சராசரி நான்குக்கு இரண்டே கால். எங்கள் ஊர்க் கணக்கில் அது பாஸ். ஆனால் அதை எடுத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாத பாஸ்.

ஊருக்குத் திரும்பி மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் வேலையில் சேர்ந்தாள். அந்த வேலைதான் அவளை மாற்றியது. வார்டு வார்டாகத் தள்ளுவண்டியோடு போய், தூங்குகிறவர்களை எழுப்பி, மன்னிப்புக் கேட்டு, ஊசி குத்தி, குழாயில் பெயர் ஒட்டி, பரிசோதனைக் கூடத்தில் கொடுக்க வேண்டும். ஊசி குத்துவதற்குள் நோயாளிகள் அவளிடம் எல்லாம் சொல்லிவிடுவார்கள். பேரன் வேலை போனது, நாய் செத்தது, ராத்திரி முழுக்க நெஞ்சில் ஏதோ அடைத்தது. அடுத்த நாள் போனால் கட்டில் காலியாக இருக்கும். வீட்டுக்குப் போனாரா, செத்துப்போனாரா என்று யாரும் அவளிடம் சொல்ல மாட்டார்கள். கேட்கவும் கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை தேவாலயக் கூடத்தில் மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது.

"நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன்," என்றாள்.

"ஏன், அந்த டாக்டருக்குப் படிக்கத் தெரியாதா?" என்றேன்.

அம்மா என் மண்டையில் தட்டினாள். பிறகு லென்னைப் பார்த்து, "நிஜமாவாடி?" என்றாள்.

"நிஜமாத்தான்மா."

"காலைல எந்திரிப்பியா?"

"நாலரைக்கு எந்திரிச்சுதானே வேலைக்குப் போறேன்."

"அது சரி," என்று அம்மா தன் தட்டிலிருந்த பியரோகிக் கொழுக்கட்டைகளில் ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். அதுதான் அம்மாவின் சம்மதம்.

ஆசைப்பட்டுவிட்டாளே தவிர, அது எப்படிப்பட்ட மலை என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இங்கே மருத்துவம் படிக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு பட்டம், அப்புறம் நுழைவுத் தேர்வு, அப்புறம் கட்டுரை, நேர்காணல். மதிப்பெண் மோசமானால் அதே பாடங்களைத் திரும்பப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிக் காட்டலாம். ஆனால் பழையது அழியாது. பழையதையும் புதியதையும் சேர்த்துத்தான் சராசரி. நான் அவளுக்காக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாக்கடைத் தண்ணீர் இருக்கிற வாளியில் நல்ல தண்ணீரைக் குவளை குவளையாக ஊற்றுவது மாதிரி இருந்தது.

ஒரே ஒரு வழி இருந்தது. ஆஸ்டியோபதி கல்லூரிகள். கையால் தசையையும் எலும்பையும் சரிசெய்கிற பயிற்சியையும் சேர்த்துச் சொல்லித்தரும் மருத்துவக் கல்லூரிகள் அவை. படித்து வெளியே வந்தால் அவர்களும் முழு டாக்டர்கள்தான். அந்தக் கல்லூரிகளில் ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்வார்கள். லென் அதை நம்பித்தான் இறங்கினாள். காலை வேலை முடிந்ததும் நேரே பக்கத்து ஊரான எலிரியாவில் இருக்கும் கல்லூரிக்குப் போவாள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அதில் டெவின் மார்ஷ் என்று ஒரு பையன், பத்தொன்பது வயதில் இவள் இருந்ததை நினைவூட்டுகிறவன், அதாவது காலையில் எழ முடியாதவன். அவனுக்குப் போன் போட்டு எழுப்பினாள். வேதியியல் சொல்லிக்கொடுத்தாள். அவன் அவளை "ஆண்டி" என்று கிண்டல் செய்வான். இவள், "எந்திரிடா தூங்குமூஞ்சி" என்பாள்.

எல்லாப் பாடத்திலும் முதல் தரம் வாங்கினாள். இன்னும் இரண்டு மூன்று பாடங்கள்தான் பாக்கி. அப்போது அந்த ஆஸ்டியோபதி கல்லூரிகள் விதியை மாற்றின. இனிமேல் அங்கேயும் பழையதும் புதியதும் சேர்த்துத்தான் கணக்கு. 2017 குளிர்காலம் அது. நான் வேலை பார்க்கும் பள்ளிப் பேருந்துப் பணிமனைக்கு வந்து நின்றாள். நான் வண்டிக்கு அடியில் இருந்தேன். அவளுடைய காலணி மட்டும் தெரிந்தது.

"ஜோயல், விதியை மாத்திட்டாங்க," என்றாள்.

"எந்த விதியை?"

அவள் சொன்னாள். நான் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

"இப்ப என்ன செய்யப் போறே?"

"மிச்சப் பாடத்தை முடிக்கப் போறேன். வேற என்ன செய்ய?"

முடித்தாள். நுழைவுத் தேர்வும் எழுதினாள். அதில் அவள் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துக் கல்லூரியின் ஆலோசகர் திருமதி விட்கோம் எழுந்து வந்து கட்டிக்கொண்டாராம். ஆனாலும் சராசரி மூன்றைத் தொடவில்லை. மூன்றுக்குக் கீழே இருந்தால் பல இடங்களில் கணினியே தள்ளிவிடும், மனிதக் கண்ணே மனுவைப் பார்ப்பதில்லை என்பது மனுப் போடும் பிள்ளைகளுக்குள் பேச்சு. முதல் வருடம் அனுப்பிய இடங்களில் ஒன்றுகூட அவளைக் கூப்பிடவில்லை.

அடுத்த வசந்தத்தில் அம்மாவுக்கு முதுகுவலி வந்தது. பெரிய பாத்திரங்கள் தூக்கித் தூக்கி வந்த வலி என்றுதான் நினைத்தோம். பிறகு கண் மஞ்சளானது. கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடிக்கும்போதே ஈரலுக்குப் போயிருந்தது.

அந்த ஜூனில் இரண்டாவது முறை மனு அனுப்ப வேண்டும். கட்டுரையில் பழைய மதிப்பெண்ணுக்கு ஒரு விளக்கம் எழுதியாக வேண்டும். திருமதி விட்கோம் நல்ல பெண்மணி. லென்னுக்காக உண்மையிலேயே பாடுபட்டவர். அவர்தான் சொன்னார்.

"லெனோர், படிக்கிறவங்க ஒரு காரணத்தைத் தேடுவாங்க. உங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதுங்க. எப்போன்னு எழுத வேண்டாம். பொய்யே இல்ல."

"படிக்கிறவங்க அப்போன்னு நினைச்சுக்குவாங்களே."

"அவங்க நினைக்கிறதுக்கு நீங்க பொறுப்பு இல்ல."

லென் இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் எங்கள் வீட்டில் எதுவும் சொல்லாமல் தங்காது. அம்மாவுக்கு மருந்து ஏற்றும் நாள். சாய்வு நாற்காலியில் படுத்து, கையில் குழாயோடு, தலையில் பள்ளிப் பிள்ளைகள் பின்னிக் கொடுத்த தொப்பியோடு இருந்தாள். நான் ஒரு பக்கம், லென் ஒரு பக்கம். லென் கதையாகத்தான் சொன்னாள். அம்மா கண்ணைத் திறந்தாள்.

"அந்தம்மா சொல்றது சரிதானே. எழுதேன்."

"அம்மா."

"நேராவே எழுது. 2006-ல எனக்கு வந்துச்சுன்னு எழுது. யாரு வந்து பாக்கப் போறா?"

"2006-ல நீ பௌலிங் போட்டில கப்பு வாங்கினே."

"கப்பை எடுத்து ஒளிச்சு வச்சிடலாம். ஜோயல், பரண்ல போட்டுடுடா."

எனக்குச் சிரிப்பு வந்தது. லென் சிரிக்கவில்லை.

"உன்னை வச்சு நான் உள்ள போக மாட்டேன்மா."

"ஏன்டி, என்னை வச்சுதானே வெளியவே வந்தே?"

பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த கிழவர்கூடச் சிரித்துவிட்டார். அம்மா அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இங்க பாரு. இவ்ளோ வலிக்குது. வாந்தி வாந்தியா எடுக்கறேன். இதெல்லாம் சும்மா வீணாப் போகணுமா? உனக்கு ஒரு சீட்டு வாங்கிக் குடுத்துட்டுப் போகட்டுமே. எனக்கும் ஒரு திருப்தி."

லென் அம்மாவின் நழுவிய தொப்பியைச் சரிசெய்தாள். பிறகு சொன்னாள்.

"அந்த நாலு வருஷம் நீ நல்லா இருந்தேம்மா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, பௌலிங்ல யாரைத் தோக்கடிச்சேன்னு அரை மணி நேரம் பேசுவே. நான் பாதித் தூக்கத்துல கேட்டுக்கிட்டிருப்பேன். எனக்குன்னு இருக்கிற நல்ல வருஷம் அதுதான். அதுல கொண்டுபோய் இந்த நோயை வைக்கச் சொல்றியா?"

அம்மா தட்டைக் காட்டி, "சரி, அந்த ஜெல்லியை எடு," என்றாள். லென் கரண்டியால் ஊட்டிவிட்டாள். அந்தப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

கட்டுரையில் அவள் எழுதியதை எனக்குக் காட்டினாள். அந்தப் பகுதி நான்கு வரிதான். இளமையில் பொறுப்பில்லாமல் இருந்தேன், அதற்கு என்னைத் தவிர வேறு காரணம் இல்லை, இப்போது அப்படி இல்லை, இப்போது வாங்கிய மதிப்பெண்களைப் பாருங்கள். திருமதி விட்கோம் படித்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாராம்.

ஆனால் அந்த வருடம் ஒரு கல்லூரி கூப்பிட்டது. மேற்கு வெர்ஜீனியா மலைப் பக்கம். நவம்பர் மாதம் நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். கறுப்புக் கோட்டும் பாவாடையும் போட்டு, காரில் சுருக்கம் விழாமல் விறைப்பாக உட்கார்ந்து வந்தாள். நான் கல்லூரிக்கு எதிரே இருந்த உணவகத்தில் காபி குடித்துக் குடித்து உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்ததும் காலணியைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்தாள்.

"என்ன கேட்டாங்க?"

"அதேதான். இந்த ரெண்டு வருஷம் என்ன ஆச்சுன்னாங்க."

"என்ன சொன்னே?"

"தூங்கினேன்னேன்."

"லென்."

"உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க. இல்ல, நல்லா தூங்கினேன்னேன். ரெண்டு பேர் இருந்தாங்க. ஒரு அம்மா சிரிச்சாங்க. இன்னொருத்தர் எழுதிக்கிட்டார்."

"என்ன எழுதினார்?"

"தலைகீழாப் படிக்க எனக்குத் தெரியாதுடா," என்று ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பாதி வழியில் தூங்கிவிட்டாள். நான் வானொலியை நிறுத்திவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பதில் வந்தது. காத்திருப்போர் பட்டியல். அம்மா அப்போது வீட்டு முன்னறையில், மருத்துவமனைக் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள்.

"அப்படின்னா உள்ளயா, வெளியயா?" என்று கேட்டாள்.

"வாசல்லம்மா."

"வாசல் வரைக்கும் போயிட்டே இல்ல. குளிர்ல நிக்க வச்சுட்டுக் கதவைச் சாத்த மாட்டாங்க. நம்ம ஊர்க்காரங்க அப்படி இல்ல."

மேற்கு வெர்ஜீனியா நம் ஊர் இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஜனவரியில் அம்மாவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. வலிக்குக் கொடுத்த மார்ஃபின் ஒரு பக்கம், ஈரல் ஒரு பக்கம். என்னைச் சில சமயம் அப்பா என்று நினைத்துத் திட்டினாள். ஒரு மத்தியானம், வெளியே ஏரிப் பக்கமிருந்து பனி கிடைமட்டமாக அடித்துக்கொண்டிருந்தது. லென் வேலையிலிருந்து அப்படியே நீலச் சீருடையோடு உள்ளே வந்தாள். அம்மா அவளை வெகுநேரம் பார்த்தாள்.

"டாக்டரம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள்.

லென் என்னைப் பார்த்தாள்.

"கேளுங்க," என்றாள் லென்.

"எனக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு? புள்ளைங்க சொல்ல மாட்டேங்குது."

லென் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையை எடுத்துக்கொண்டாள். எப்போதும் நாடி பார்க்கிற இடத்தில் அவள் விரல் தானாகப் போய் நின்றது.

"அர்லீன்," என்று அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இங்கே டாக்டர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ரொம்ப நாள் இல்ல. சில நாள்தான். வாரக்கணக்கு ஆகாது. வலி வராம நாங்க பாத்துக்கறோம். மூச்சு வாங்கினா மருந்து இருக்கு. பயப்பட வேண்டாம்."

"பயமா இருக்காது?"

"தூக்கம் மாதிரி வரும்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நல்ல டாக்டர். நேராச் சொல்லுது பாரு. யார் வீட்டுப் பொண்ணு இது?"

"நம்ம ஊர்ப் பொண்ணுதாம்மா," என்றேன்.

"அதான்," என்றாள் அம்மா. கண்ணை மூடிக்கொண்டாள்.

லென் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா தூங்கியது உறுதியான பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். நான் பின்னாலேயே போனேன். அவள் அழவில்லை. கை கழுவிக்கொண்டிருந்தாள். டாக்டர்கள் கழுவுவது மாதிரி, முழங்கை வரைக்கும்.

அந்த வாரக் கடைசியில் அம்மா போய்விட்டாள். நிலம் கல்லாக உறைந்திருந்ததால் குழி தோண்ட யந்திரம் கொண்டுவர வேண்டியிருந்தது. பள்ளிச் சமையலறைப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நான் அந்தப் பௌலிங் கோப்பையை வைத்தேன்.

காத்திருப்போர் பட்டியல் என்பது சேர்ந்தவர்களில் யாராவது வேண்டாம் என்று போனால் கூப்பிடுவது. வகுப்பு தொடங்கும் நாள் வரை கூப்பிடலாம். ஏப்ரல், மே, ஜூன். லென் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ரத்தம் எடுத்தாள். குளியலறைக்கும் கொண்டு போனாள். மேற்கு வெர்ஜீனியா எண் ஒன்று ஒரு தடவை வந்தது. காருக்குக் காப்பீடு விற்கிறவன். அவனிடமும் மரியாதையாகப் பேசினாள். சலவைக் கடையில், தேவாலயத்தில், எதிர்ப்பட்டவர்கள் எல்லாம், "என்னாச்சு லென், வந்துச்சா?" என்று கேட்டார்கள். அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஜூலை முடிவில் மின்னஞ்சல் வந்தது. இடங்கள் நிரம்பிவிட்டன, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். ஏன் என்று எழுதவில்லை. அவர்கள் எழுதுவதில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அம்மா வீட்டுப் பின்புறப் படியில் உட்கார்ந்திருந்தோம்.

"ஒரே ஒரு வரி, லென். அம்மாவே சொன்னா. அம்மாவே எழுதச் சொன்னா."

"அதனாலதான் கெடைக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வேற என்ன இருக்கு?"

"ரெண்டே காலா இருக்கலாம். வயசா இருக்கலாம். எனக்கு முன்னாடி இருந்தவன் என்னை விட நல்லவனா இருக்கலாம். அந்தக் கோட்டு பிடிக்காம இருந்திருக்கலாம். தெரியாதுடா. தெரியவே தெரியாது."

"எழுதியிருந்தா?"

"எழுதியிருந்தாலும் கெடைக்காமப் போயிருந்தா? அப்ப என்கிட்ட என்ன மிச்சம் இருந்திருக்கும்?"

இன்றைக்கும் சில நாள் அவள் செய்தது சரி என்று தோன்றும், சில நாள் அம்மா சொன்னது சரி என்று தோன்றும்.

அடுத்த வருடம் மனு திறந்தது. அவள் அனுப்பவில்லை. நான் கேட்டேன். "களைச்சுப் போச்சு ஜோயல்," என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. அம்மா வீட்டை விற்றோம். அவள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டுக்கு மாறினாள். ரத்தம் எடுக்கும் பிரிவுக்கு அவளைப் பொறுப்பாளராக்கினார்கள். இரண்டு சனிக்கிழமைக்கு ஒரு தடவை என் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். நன்றாகத்தான் இருந்தாள், அல்லது அப்படி எனக்குத் தோன்றியது.

கொரோனா வந்த வருடம் அவளுக்கு ஓய்வே இல்லை. இலையுதிர் காலத்தில் ஒரு மத்தியானம் என் பணிமனை வாசலில் அவள் கார் வந்து நின்றது. இறங்கவில்லை. பள்ளிகள் மூடியிருந்ததால் பேருந்துகள் வரிசையாகச் சும்மா நின்றன. நான் போய் மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். முகக்கவசம் தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில் அதன் தடம்.

"டெவின் வந்திருக்கான்," என்றாள்.

"எந்த டெவின்?"

"டெவின் மார்ஷ். நான் எழுப்பிவிடுவேனே. டாக்டர் படிப்புல மூணாவது வருஷம். எங்க ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போட்டிருக்காங்க. ஒரு கிழவிக்கு ரத்தம் எடுத்துக்கிட்டிருந்தேன். டாக்டருங்க கும்பலா வந்தாங்க. எல்லாரும் மூஞ்சியை மூடிட்டுத்தானே இருக்கோம், தெரியல. நான் அந்தக் கிழவிகிட்ட, 'கொஞ்சம் குத்தும், கண்ணு'ன்னு சொன்னேன். அந்தக் குரலைக் கேட்டு, 'ஆண்டி'ன்னு கத்திட்டான். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. 'இவங்க இல்லைன்னா நான் வேதியியல்ல பெயில்'னு பெரிய டாக்டர்கிட்ட சொல்றான். எவ்ளோ சந்தோஷம் அவனுக்கு."

"நல்ல பையன்."

"நல்ல பையன்டா. ரொம்ப நல்ல பையன். அப்புறம் அவன் அந்தக் கிழவி பக்கத்துல உக்காந்து என்ன வந்திருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சான். நான் குழாயை எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன். என் வேலை முடிஞ்சிடுச்சு இல்ல."

அப்போதுதான் அவள் அழுதாள். அம்மா செத்தபோது அழாதவள், மின்னஞ்சல் வந்தபோது அழாதவள், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், முதுகு மட்டும் குலுங்க அழுதாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். என் கையில் கிரீஸ் இருந்தது. சீருடையில் ஒட்டிவிடுமே என்று எடுத்தேன். பிறகு, ஒட்டினால் ஒட்டட்டும் என்று திரும்ப வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தாள். கண்ணாடியில் முகத்தைப் பார்த்துத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு மணிக்குள்ள திரும்பணும். ஆள் பத்தல," என்றாள்.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

என் சாப்பாட்டுப் பையில் சாண்ட்விச் ஒன்று இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். காரிலேயே முழுதும் சாப்பிட்டாள். துணுக்குகளை மடியிலிருந்து தட்டிவிட்டு, முகக்கவசத்தை மேலே இழுத்து மாட்டிக்கொண்டு, வண்டியைக் கிளப்பினாள். நான் வாசலில் நின்று அது பெரிய சாலையில் திரும்பும் வரை பார்த்தேன்.